மூன்றாவது அழைப்பு

அன்றைக்கு எழுந்ததும் மஹீன் செய்த முதல் காரியம், மாடிக்குப் போய்ச் சிவப்புப் போர்வையைக் கொடியில் விரித்துப் போட்டதுதான். துவைத்த போர்வை இல்லை. வெயில் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் கிளிப் போட்டு, சுருக்கம் போக இழுத்துவிட்டு, நாலடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். பள்ளிவாசல் குவிமாடத்துக்கு அந்தப் பக்கம், பெரிய சதுக்கத்தையும் தாண்டி, ஆலி காப்பு அரண்மனையின் மரத்தூண் மண்டபம் காலை வெயிலில் தெரிந்தது. இங்கிருந்து அது தெரிகிறதென்றால் அங்கிருந்து இது தெரிய வேண்டும். அதற்காகத்தான் போர்வை.

இஸ்ஃபஹானில் பிறந்து, இஸ்ஃபஹானிலேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பத்து நான்கு வயதையும் தாண்டப் போகிற மஹீன், அந்த அரண்மனைக்குள் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் அழைத்துப் போன அன்று அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. கல்யாணம் ஆனபின் கணவன் கரமிடம் ஆசையாகக் கேட்டாள். கரம் தொலைபேசி இலாகாவில் லைன்மேன். வயர் இழுக்க அந்த அரண்மனையின் உச்சி வரை ஏறியவன். “மேல என்ன இருக்கு? படிதான் இருக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். பிறகு பல வருடங்கள் பழுதுபார்க்கிறேன் என்று சாரம் கட்டி மூடி வைத்திருந்தார்கள். சாரத்தைப் பிரித்தபோது அவளுக்குக் கைக்குழந்தை. இப்படியே போயிற்று. வெளியூர்க்காரன் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போகிறான். உள்ளூர்க்காரருக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பிலேயே ஆயுசு ஓடிவிடுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புத்தாண்டு விடுமுறை வந்தால் நாடே எங்கள் ஊரில் வந்து இறங்கும். மஹீன் வீட்டில் இறங்குவது நாத்தனார் நுஸ்ரத்தின் குடும்பம். கரமுக்கு இளையவள், தப்ரீஸில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் முர்தஸா, கல்லூரி படிக்கும் மகள்கள் இருவர். வருடம் தவறாமல் வருவார்கள். வருடம் தவறாமல் சதுக்கத்துக்குப் போவார்கள். வருடம் தவறாமல் நுஸ்ரத், “அண்ணி, நீங்களும் வாங்க” என்பாள். மஹீன் “வேண்டாம்” என்பாள்.

இந்த “வேண்டாம்” எங்கள் ஊர்ச் சமாசாரம். அழைத்ததும் சரி என்று கிளம்பிவிட்டால், இதற்கென்றே காத்துக் கிடந்தாள் என்று நினைத்துவிடுவார்கள். முதல் முறை கேட்டால் மறுக்க வேண்டும். இரண்டாம் முறையும் மறுக்க வேண்டும். மூன்றாம் முறையும் கேட்டால்தான் மனசார அழைக்கிறார்கள் என்று பொருள். அப்போதுகூடக் கொஞ்சம் சலித்துக்கொண்டுதான் சம்மதிக்க வேண்டும். ஆரம்ப வருடங்களில் நுஸ்ரத் மூன்று முறை என்ன, ஐந்து முறைகூடக் கேட்டாள். ஆனால் அடுப்பில் குழம்பு கொதிக்கும், மஹீன் எங்கே போவது? விருந்தாளி மனம் கோணக்கூடாதே என்று ஒரு வருடம், “நான் நூறு தடவை பார்த்தாச்சு நுஸ்ரத்” என்று சொல்லிவைத்தாள். வாயிலிருந்து வந்த பொய் அன்றோடு போய்விடுமா? ஊரெல்லாம் அவளை விவரம் தெரிந்தவளாக்கிவிட்டது.

இந்த வருடம் அப்படி விட முடியாது. விடுமுறை முடிந்ததும் மஹீனுக்கு முழங்காலில் ஆபரேஷன். “அதுக்கப்புறம் செங்குத்தான படியெல்லாம் மறந்துடுங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆலி காப்பில் செங்குத்தான படியைத் தவிர வேறு படியே கிடையாது. நாளைக்கு நுஸ்ரத் ஊருக்குக் கிளம்புகிறாள். நாளை மறுநாள் அஹ்வாஸிலிருந்து கொழுந்தனார் பட்டாளம் வருகிறது. ஆக, இன்றைக்கு விட்டால் இந்த ஜென்மத்துக்கு இல்லை. மூன்றாம் முறை கேட்டதும் சரி என்றுவிடுவது என்று மஹீன் முடிவு செய்திருந்தாள். மாதுளைச்சாறும் வால்நட்டும் போட்ட கோழிக்குழம்பை விடியும் முன்பே ஏற்றிவிட்டாள். புது ஷூவைச் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் தயாராக வைத்திருந்தாள்.

ஒன்பது மணி வாக்கில் எல்லாரும் கிளம்பினார்கள். நுஸ்ரத் வாசலில் குனிந்து பழுப்பு நிற ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே கேட்டாள். “அண்ணி, நீங்களும் வாங்களேன்.”

ஒன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாள் மஹீன். “ஐயோ, நான் எதுக்கு? நீங்க நல்லா சுத்திப் பார்த்துட்டு வாங்க.”

“சும்மா வாங்க அண்ணி. வீட்டுலயே அடைஞ்சு கிடந்து என்ன பண்ணப் போறீங்க?”

இரண்டு. இன்னும் ஒன்றுதான். கதவை முழுக்கச் சாத்தாமல் ஒருக்களித்து வைப்பது மாதிரி, குரலைக் கொஞ்சம் இழுத்தே விட்டாள் மஹீன். “வேலை கிடக்கே நுஸ்ரத்... நான் நூறு தடவை பார்த்த இடம்தானே...”

சந்திலிருந்து முர்தஸாவின் குரல் வந்தது. “வெயில் ஏறுது. வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?”

“சரி அண்ணி, கிளம்புறோம்” என்றாள் நுஸ்ரத். “மத்தியானம் உங்க கையால சாப்பிட ஓடி வந்துடுவோம். உங்க சமையல் மாதிரி வருமா?”

கதவு சாத்திக்கொண்டது. மஹீன், சரி என்று சொல்லத் திறந்த வாயை மூடாமல் அங்கேயே நின்றாள்.

யாரைத் திட்டுவது? கேட்க வேண்டியவள் இரண்டு முறை கேட்டாள். சொல்ல வேண்டியவள் இரண்டு முறையும் வேண்டாம் என்றாள். குற்றம் சொல்ல ஆளில்லாத கோபம்தான் இருப்பதிலேயே பொல்லாதது. மஹீன் சமையலறைக்குள் போனாள். குழம்பைப் பார்த்தாள். கரம் நண்பன் வீட்டுக்குச் சொக்கட்டான் ஆடப் போயிருந்தான், மத்தியானம் வரை வர மாட்டான். மாடியில் போர்வை வேறு வீணாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது நினைவுக்கு வந்ததும் என்னவோ ஆகிவிட்டது அவளுக்கு. அடுப்பை அணைத்தாள். கறுப்புச் சாதரைத் தலையோடு போர்த்தி, புது ஷூவை மாட்டி, தெருவில் இறங்கிவிட்டாள்.

சந்து முனை திரும்பும்போதுதான் அது உறைத்தது. அழைத்தபோது வேலை கிடக்கிறது என்றவள் தனியாகச் சுற்றுவதை நுஸ்ரத் பார்த்துவிட்டால்? எங்களோடு வர மாட்டாளாம், தனியாக வருவாளாம் என்ற பேச்சு தப்ரீஸ் வரை போகும். அங்கிருந்து தொலைபேசியில் திரும்பியும் வரும். மஹீன் சாதரை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனால் கால் நிற்கவில்லை. வேகம் கூடத்தான் செய்தது.

சதுக்கம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. நீரூற்றுகள் பீச்சியடித்தன, குதிரை வண்டிகள் மணியடித்துக்கொண்டு ஓடின, புல்வெளி முழுக்க விரிப்பும் தேநீர்க் குடுவையுமாகக் குடும்பங்கள். கீரைக்கட்டு வாங்க இதே கல் தரையில் ஆயிரம் முறை நடந்தவள்தான். இன்றைக்குப் பையில்லாமல் வீசிய கையோடு நடந்தபோது வேறு ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது.

நடுச் சதுக்கத்தில் நுஸ்ரத்தின் பச்சை முக்காடு தெரிந்தது. அவர்கள் தெற்கே பெரிய பள்ளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று சின்ன மகள் படம் எடுக்க இந்தப் பக்கம் திரும்பினாள். மஹீன் சட்டென்று பக்கத்தில் இருந்த வாசலுக்குள் நுழைந்துவிட்டாள். அது லுத்ஃபுல்லா பள்ளிவாசல். அவள் வீட்டு மாடியிலிருந்து முதுகு மட்டும் தெரியும் குவிமாடம் இதனுடையதுதான்.

ஒளிய வந்தவள்தான். இருட்டுத் தாழ்வாரத்தில் தடவித் தடவி நடந்து, திருப்பத்தில் கூடத்துக்குள் கால் வைத்து, தலையை நிமிர்த்தினாள். அவ்வளவுதான், எதற்காக ஒளிந்தோம் என்பதே மறந்துவிட்டது. குவிமாடத்தின் உட்புறம் பொன்னிறத்தில் சுழன்று சுழன்று மேலே போனது. நட்ட நடுவில் ஒரு மயில். மேலே இருந்த துளை வழியாக விழுந்த வெயில், நீளத் தோகையாக அதன் பின்னால் இறங்கியிருந்தது. முப்பது வருடமாக இந்தக் குவிமாடத்தின் முதுகைப் பார்த்து வற்றல் காயவைத்தோமே, உள்ளே மயில் இருக்கிறதென்று ஒருத்தர் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

வெளியே வந்தபோது பச்சை முக்காட்டைக் காணவில்லை. இன்னும் பெரிய பள்ளிவாசலுக்குள்தான் குவிமாடத்தடியில் கைதட்டி எதிரொலி கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, சதுக்கத்தைக் குறுக்கே வெட்டி ஆலி காப்புக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

டிக்கெட் கொடுப்பவர், “உங்களுக்கு இல்லாததாம்மா? காசெல்லாம் எதுக்கு?” என்றார். அதை நம்பி நடையைக் கட்டினால் ஆள் விட்டுப் பிடிப்பார்கள். மஹீன் பணத்தை நீட்டினாள். அவர் வேண்டவே வேண்டாம் என்றபடியே வாங்கிக்கொண்டார்.

உள்ளே நுழையப் போகும்போது, வாசல் பக்கத்துப் பெஞ்சில் முர்தஸா. கையில் குங்குமப்பூ ஐஸ்கிரீம், மடியில் நாலு பேரின் பைகள். தப்பிக்க வழியில்லை. நாலே நாலு அடி.

“மஹீன் தங்கச்சி?” என்றார் அவர்.

“அண்ணா, நீங்க என்னைப் பார்க்கல.”

முர்தஸா ஐஸ்கிரீமைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரர். “நீயும் என்னைப் பார்க்கலம்மா” என்று ஒரு பெரிய கரண்டியை வாயில் போட்டுக்கொண்டார். உடனே எதையோ நினைத்துக்கொண்டவராய், வாய் நிறைய ஐஸ்கிரீமோடு கரண்டியால் மேலே மேலே என்று சைகை காட்டினார். ஏறிப் போய்ப் பார் என்கிறார், நல்ல மனிதர் என்று மஹீன் தலையாட்டிவிட்டுப் படியேறிவிட்டாள்.

படியா அது? ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். சுருண்டு சுருண்டு போகும் குறுகல் வழி, சுவரைப் பிடித்தால்தான் ஏறலாம். ஆபரேஷனுக்குக் காத்திருந்த முழங்கால் முனகியது. “இன்னிக்கு மட்டும் பொறுத்துக்க” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே ஏறினாள். வெளிச்சம் வந்தது. காற்று வந்தது. மரத்தூண் மண்டபம்.

சதுக்கம் மொத்தமும் காலடியில் கிடந்தது. குதிரை வண்டிகள் தீப்பெட்டி அளவில் ஓடின. எதிரே மயில் வைத்த குவிமாடம். அதன் தோளுக்குப் பின்னால் மண்ணிற மாடிகள், ஆன்டெனாக்கள், தண்ணீர்த் தொட்டிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் சின்னதாக, சிவப்பாக, பளிச்சென்று ஒன்று.

“அதோ என் வீடு” என்றாள் மஹீன், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். “அதோ, சிவப்பா தெரியுதே, அது எங்க வீடு.”

பக்கத்தில் நின்ற ஷீராஸ்காரர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். “அடேங்கப்பா, ராஜாவுக்கு எதிர்வீடா? அப்ப எங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட மாட்டீங்களா?”

“வாங்களேன், மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு” என்று மஹீனின் வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் பார்த்தாள், அவர் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். நல்லவேளை, அவரும் முறை தெரிந்தவர். “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்” என்று முதல் மறுப்பைச் சொன்னார். மஹீன் இரண்டாம் முறை கேட்காமல் மெல்ல நழுவினாள்.

இனி உச்சியில் இருக்கும் இசைக்கூடம்தான். அதற்குப் போகும் படி இன்னும் குறுகல், ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க முடியாது. மஹீன் பாதி ஏறியிருப்பாள். மேலே திருப்பத்தில் ஒரு ஷூ இறங்கியது. பழுப்பு நிறம். அந்த லேஸ் கட்டி முடிவதைத்தானே காலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து நின்றாள். முர்தஸாவின் கரண்டி எதைக் காட்டியது என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பலாம் என்றால் பின்னால் ஷீராஸ் குடும்பம் முழுவதும் ஏறி வந்துகொண்டிருந்தது.

“அண்ணி?” என்றாள் நுஸ்ரத்.

மஹீன் திருதிருவென்று விழித்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் என்ன சொல்வாள்? “நீ முதல்ல இறங்கு நுஸ்ரத்” என்றாள்.

“இல்ல அண்ணி, நீங்க முதல்ல ஏறுங்க.”

“சேச்சே, அது எப்படி? நீதான் முதல்ல.”

“பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா?”

கீழேயிருந்து ஷீராஸ்காரரின் குரல் மேலே வந்தது. “தாயே, உங்க மரியாதைக்கு நடுவுல எங்களுக்கு மூச்சு முட்டுது. யாராவது ஒருத்தர் கொஞ்சம் மரியாதை இல்லாம நடந்துக்கங்க.”

இருவரும் பக்கத்துச் சன்னல் மாடத்தில் ஒண்டிக்கொண்டார்கள். பத்துப் பேரும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டபடி கடந்து போனார்கள். நுஸ்ரத்தின் முகம் சிவந்திருந்தது. அது கோபமா வேறெதுவுமா என்று மஹீனுக்குத் தெரியவில்லை.

“எங்களோட வரத்தான் பிடிக்கலையா அண்ணி?” என்றாள் நுஸ்ரத் மெதுவாக. “அப்பல்லாம் அஞ்சு தடவை, ஆறு தடவை கேப்பேன். ஒவ்வொரு வருஷமும் மாட்டேன்னுடுவீங்க. இவங்களுக்கு நம்ம கூட வர இஷ்டமில்ல போலிருக்கு, ஏன் தொந்தரவு பண்ணணும்னுதான் ரெண்டோட நிறுத்திக்கிட்டேன். ராத்திரி படுக்கும்போது அழுதிருக்கேன் தெரியுமா?”

இதை மஹீன் எதிர்பார்க்கவில்லை. தன் ஏக்கம் ஒன்றுதான் இத்தனை வருடம் அந்த வீட்டுக்குள் இருந்ததென்று நினைத்திருந்தாள். “இல்லம்மா” என்றாள்.

நுஸ்ரத் சன்னல் பக்கம் பார்த்தாள். “அந்தச் சிவப்புப் போர்வை நான் கொடுத்ததுதானே? பீரோவை விட்டு வெளிய எடுக்கவே மாட்டீங்க. கீழ் மண்டபத்துல நிக்கும்போதே அடையாளம் தெரிஞ்சுது. இன்னிக்கு எதுக்கு அதைக் கொடியில போட்டிருக்காங்கன்னு அப்பலேர்ந்து மண்டையைக் குடையுது. இங்கேர்ந்து பார்க்கறதுக்கா?”

மஹீன் தலையாட்டினாள்.

“அப்ப வரணும்னுதான் இருந்தீங்க.”

“மூணாவது தடவை கேப்பேன்னு நின்னுட்டிருந்தேன்” என்றாள் மஹீன். “நீ லேஸைக் கட்டிட்டுப் போயிட்ட.”

நுஸ்ரத் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் தோள் சிரிப்பில் குலுங்கியது. “முன்னெல்லாம் கேட்டேனே, அப்ப வந்திருக்கலாமே?”

“சமையலை யார் பார்க்கறது? என் கையால சாப்பிட்டாத்தான் உனக்கு இறங்கும்னு சொல்லுவியே.”

“அண்ணி, அது மரியாதைக்குச் சொல்றது.”

மஹீன் அவளையே பார்த்தாள்.

“நல்லாத்தான் சமைக்கிறீங்க, இல்லைங்கல. ஆனா எனக்கு வருஷா வருஷம் பஜார்ல அந்தக் கொத்துக்கறி ரொட்டி சாப்பிடணும்னு உயிர் போகும். தெரு முழுக்க மணக்குது. நீங்க கஷ்டப்பட்டு ஆக்கி வச்சிட்டுக் காத்திருக்கும்போது வெளிய சாப்பிட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்? அதைத் தாண்டி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துடுவோம்.”

இதற்கு அழுவதா சிரிப்பதா? ஒருத்தி விருந்தாளிக்காக அரண்மனையை விட்டாள், ஒருத்தி விருந்து கொடுப்பவளுக்காகக் கொத்துக்கறியை விட்டாள். இரண்டு பேரின் மரியாதையையும் கோழிக்குழம்புதான் நடுவில் உட்கார்ந்து அனுபவித்தது. மஹீனுக்குச் சிரிப்பு பீறிட்டது. ராஜாக்கள் ஏறி இறங்கிய படியில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். நுஸ்ரத் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிவிட்டாள். “இன்னிக்கு பஜார்லதான் சாப்பாடு” என்றாள் மஹீன். “குழம்பை உங்க அண்ணனே சாப்பிடட்டும்.”

மேலேயிருந்து மகள்களின் பேச்சு கேட்டது, படம் எடுத்து முடியவில்லை போலிருக்கிறது. நுஸ்ரத் எழுந்து நின்றாள்.

“மேல வர்றீங்களா அண்ணி?”

கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் முறை கேட்கப் போவதில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. மஹீனின் நாக்கு “வேண்டாம்” என்று சொல்ல எழும்பிவிட்டது. அதைப் பல்லுக்குள்ளேயே பிடித்து நிறுத்தினாள்.

“வர்றேன்.”

கடைசிப் படிகளில் முழங்கால் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. வாசலில் நுஸ்ரத் வழக்கம்போல ஒதுங்கி, “நீங்க முதல்ல” என்றாள். மஹீன் மறுபேச்சுப் பேசாமல் முதலில் நுழைந்தாள்.

சுவரெங்கும் கூரையெங்கும் குடுவை குடுவையாக, கிண்ணம் கிண்ணமாகச் சுண்ணத்தில் வெட்டிய ஓட்டைகள். உள்ளே எதுவும் இல்லை, வடிவம் மட்டும். மெல்லிய அந்தச் சுவர்களுக்குப் பின்னால் வெளிச்சம் ஒளிந்து ஒளிந்து நின்றது. அத்தனை கூட்டத்திலும் பேச்சுச் சத்தம் மெத்தையில் விழுந்தது போல அடங்கியிருந்தது. மஹீன் வாயைத் திறந்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சின்ன மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். “மாமி, நீங்களா? எப்ப வந்தீங்க? நல்லதாப் போச்சு, நீங்க நூறு தடவை பார்த்த இடமாச்சே. இந்த ஓட்டையெல்லாம் எதுக்குன்னு சொல்லுங்க.”

மஹீன் நுஸ்ரத்தைப் பார்த்தாள். நுஸ்ரத் கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுடி கண்ணு” என்றாள் மஹீன். “நானே இப்பதான் முதல் தடவையாப் பார்க்கறேன்.”